தொடர்பில் இல்லாத ஐந்து பேர்

நெல்லிவாசல்
14 ஜூன் 2023

மதிப்பிற்குரிய சரவணகுமார் சாருக்கு,

தமிழரசி எழுதுகிறேன். மூன்று வருடம் உங்கள் கணையப் புற்றுநோய் ஆய்வில் பதிவாளராக இருந்துவிட்டு, 2020-இல் சொல்லிக்கொள்ளாமல் போனவள். இரண்டு மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அதனால் பதிவுத் தபால்.

எட்டு மாதமாக ஜவ்வாது மலையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. போன வாரம் ரத்த அழுத்த மாத்திரைக்காக ஓர் அம்மா வந்தார். பெயர் செந்தாமரை. சாமை, புளி என்று கொஞ்சம் நிலம். பேச்சுவாக்கில், "எங்க வூட்டுக்காரருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில வயித்த அறுத்தாங்க, நாலு வருசமாச்சி" என்றார். பெயர் கேட்டேன். அர்ச்சுனன்.

ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டிய பட்டையை அவிழ்க்காமலே ஊரும் கேட்டேன் சார். நம் ஆய்வின் அறுபத்தேழாவது நோயாளி.

உங்கள் கட்டுரையில் மூன்றாவது அட்டவணையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ஐந்து பேர் தொடர்பில் இல்லை. அர்ச்சுனன் அந்த ஐவரில் ஒருவர். அவர் தொடர்பில் இல்லாமல் போகவில்லை. அறுவை முடிந்து இருபத்தைந்தாம் நாள், 2019 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை இறந்தார். வீட்டுக்குப் பின்னால் சரிவில் புதைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன்.

ஐந்து பேருமே கணையத்தைக் குடலோடு சேர்க்க நீங்கள் கண்டுபிடித்த வளையத் தையல் போடப்பட்டவர்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த ஒரு வரியையாவது திருத்தி எழுதுங்கள். உலகம் முழுக்க அந்தத் தையலைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பணிவுடன்,
தமிழரசி

*

சென்னை
2 ஜூலை 2023

அன்புள்ள தமிழ்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. இப்போதும் 'ழ'வுக்கு வால் நீளமாகத்தான் போடுகிறாய். மெயிலுக்குப் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. என் மெயிலை ஆறு பேர் படிக்கிறார்கள். இனி எழுதுவதானால் தபாலிலேயே எழுது.

மலைக்குப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது. காற்று நன்றாக இருக்கும்.

அட்டவணை விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வில் நூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேருக்குப் பழைய முறையில் கணையத்தைக் குடலோடு தைத்தோம், பாதிப் பேருக்கு என் வளையத் தையல். பழைய முறையில் நான்கு மரணம். என் தையலில் ஒன்று. நீ சொல்கிற ஐந்தையும் சேர்த்தால் என் பக்கம் ஆறாகிவிடும். ஒரு வரியைத் திருத்து என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டாய். அந்த ஒரு வரி என் பதினாறு வருடம்.

அது போகட்டும். அறுபத்தேழாம் நோயாளியின் படிவம் என் அலமாரியில் இல்லை. போகும்போது நீ எடுத்துக்கொண்டு போன படிவக் கட்டுக்குள் இருக்கிறது. எடுத்துப் பார். 'தொடர்பில் இல்லை' என்று எழுதியிருப்பது யார்? அடியில் போட்ட கையெழுத்திலும் 'ழ'வுக்கு நீளவால்தான்.

நான் சொல்லித்தான் எழுதினாய் என்பாய். அதற்குச் சாட்சி இருக்கிறதா?

இன்னொன்றும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2019 செப்டம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகள் அவசரத்துக்குக் கூப்பிடும் ஆய்வு போன் யார் கையில் இருந்தது?

அக்கறையுடன்,
சரவணகுமார்

*

நெல்லிவாசல்
20 ஆகஸ்ட் 2023

சார்,

என் கையில்தான் இருந்தது.

உங்கள் கடிதம் வந்தபின் ஒரு மாதம் எதுவும் எழுத முடியவில்லை. பிறகு ஞாயிறுதோறும் ஷேர் ஜீப்பிலும், ஜீப் போகாத இடத்துக்கு நடந்தும் போய், மீதி நான்கு பேரைத் தேடினேன். நீங்கள் திருப்பத்தூரில் நடத்திய இலவச முகாமுக்கு இந்த மலையிலிருந்து வந்தவர்கள்தானே. அதிகம் அலையவில்லை. பெயர் சொன்னாலே ஊரில் வழிகாட்டினார்கள். நாம்தான் தொடர்பில் இல்லை என்று எழுதிவைத்திருந்தோம்.

நால்வரும் இறந்துவிட்டார்கள். பதினெட்டாம் நாள், இருபத்திரண்டாம் நாள், முப்பதாம் நாள், முப்பத்துநான்காம் நாள். எல்லோருக்கும் முதலில் காய்ச்சல், பிறகு வயிற்றுக்குள் ரத்தம். வளையத் தையல் விட்டுப்போய், கணைய நீர் கசிந்து ரத்தக்குழாயை அரித்திருக்கிறது.

செந்தாமரை வீட்டுக்கு இப்போது அடிக்கடி போகிறேன். சாமைச் சோறு போடுகிறார். அவர் மகள் அருணா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. நேற்று செந்தாமரை அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"காச்சலு அடிச்சிச்சி. வயித்துல உட்டிருந்தாங்களே கொழாயி, அதுல செவப்பா வந்துச்சி. போனுக்கு டவர் கெடைக்கணும்னு பாறை மேல ஏறிப் போய் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சி டாக்டரம்மா. காச்சலு எல்லாருக்கும் வர்றதுதான், மாத்திரை போட்டுட்டு புதன்கெழம கூட்டிட்டு வாங்கன்னுச்சி. ரத்தம் வருதும்மான்னேன். கொஞ்சந்தானே, பயப்படாதீங்கன்னுச்சி. நல்லாத்தான் பேசிச்சி, கொற சொல்லக் கூடாது. செவ்வாக்கெழம போய்ட்டாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அந்தப் பெண் நான்தான் என்று சொல்லவில்லை.

அப்போதே, அர்ச்சுனன் இறந்து ஒரு வாரத்தில், அவர் உறவினர் போன் செய்து இறந்துவிட்டதாகச் சொன்னார். உங்களிடம் வந்து சொன்னேன். "போனில் சொன்னதெல்லாம் ஆவணம் இல்லை, தொடர்பில் இல்லைன்னு எழுது" என்றீர்கள். எழுதினேன். மற்ற நால்வருக்கும் அப்படியே எழுதினேன். சாட்சி இல்லைதான்.

ஆனாலும் கேட்கிறேன். ஜனவரிக்குள் திருத்துங்கள். இல்லையென்றால் கட்டுரையை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகைக்கு நான் எழுதுவேன்.

தமிழரசி

*

சென்னை
11 செப்டம்பர் 2023

தமிழ்,

மிரட்டல் உனக்கு வராது. வராத வேலையைச் செய்யாதே. அறுவைக் கூடத்தில் உன்னிடம் முதல்முறை கத்தியைக் கொடுத்தபோது உன் கை நடுங்கியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பதிவாளர் வேலை கொடுத்து, பேனா பிடிக்க வைத்தேன். நல்ல அறுவை மருத்துவர் ஆகியிருப்பாய் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால், என் இரக்கமே உன்னைக் கெடுத்திருக்கிறது.

என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? ஆலங்காயத்தில் என் அப்பா பஸ் கண்டக்டர். நான் மருத்துவம் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவருக்குக் கல்லீரலில் கட்டி. வயிற்றைத் திறந்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். இருபது நிமிடம். வெளியே வந்த பேராசிரியர் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை: "கூட்டிட்டுப் போ." அன்றைக்கு முடிவு செய்தேன், நான் திறக்கிற வயிற்றைச் சும்மா மூடமாட்டேன் என்று.

ஜப்பானில் இரண்டு வருடம். ஒருவரும் பேசமாட்டார்கள். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்து, இங்கே எல்லோரும் தொடப் பயந்த கட்டிகளைத் தொட்டேன். முதல் நாற்பது பேரில் பதினோரு பேர் செத்தார்கள். அந்தப் பதினோரு பேரையும் அச்சில் போட்டேன். பத்திரிகைகள் மூன்று முறை திருப்பி அனுப்பின. ஒரு மாநாட்டில் என் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது அதுதான். அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

இன்று கல்லீரல், கணையம் என்றால் தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் என்னிடம் அனுப்புகிறார்கள். நான் வருடத்துக்கு நூற்றைம்பது பேரைப் பிழைக்கவைக்கிறேன். நீ ஐந்து பிணத்தை வைத்துக்கொண்டு என்னோடு கணக்குப் பார்க்கிறாய்.

குழாயில் வரும் முதல் சொட்டு ரத்தத்தை அலட்சியம் செய்யாதே என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்? முன்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாயே.

பத்திரிகைக்கு எழுது. அந்த அம்மாவிடமும் சொல். முதலில் அவரிடம் சொல்லிவிட்டு எழுது.

சரவணகுமார்

*

நெல்லிவாசல்
9 ஜனவரி 2024

சார்,

இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்று நான்கு நாள் இருந்தேன்.

அருணாவுக்கு மஞ்சள் காமாலை. செந்தாமரையின் மகள். வயது இருபத்தெட்டு. நாட்டு மருந்து குடித்து மூன்று வாரம் போய்விட்டது. அங்கன்வாடியில் பிள்ளைகளே, "டீச்சர் கண்ணு மஞ்சளா இருக்குது" என்று சொன்ன பிறகு என்னிடம் வந்தாள். திருப்பத்தூரில் ஸ்கேன் எடுத்தோம். கணையத் தலையில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையை ஒட்டியிருக்கிறது. படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இரண்டு ஊரில் இரண்டு பேரிடம் காட்டினேன். சிரையைத் தொட்டுவிட்டது, முடியாது என்றார்கள். இரண்டாமவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரவணகுமார் சார் ஒருத்தர்தான் இதைச் செய்வார்" என்றார்.

அதைச் செந்தாமரையிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது சார். "அவருதானே எங்க வூட்டுக்காரருக்கும் செஞ்சாரு! இன்னா பெரிய டாக்டரு. அவருக்கு ஆயுசு கம்மி, டாக்டர் இன்னா செய்வாரு. அவருகிட்டயே போவலாம்" என்றார்.

நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. கணவர் இறந்த கதையை எதற்கு இத்தனை முறை கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அருணாவைப் பாருங்கள். வேறு எதுவும் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

தமிழரசி

*

சென்னை
13 ஜனவரி 2024

தமிழ்,

படங்களைப் பார்த்தேன். முடியும். சிரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து மறுபடி சேர்க்க வேண்டும். ஒன்பது மணி நேர வேலை. மூன்று வாரத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு மேல் போனால் நானும் தொடமாட்டேன்.

29-ஆம் தேதி திங்கட்கிழமை படுக்கை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுவரச் சொல்.

வரும்போது அந்தப் படிவக் கட்டையும் கொடுத்தனுப்பு. ஐந்து பேருடையதும். நகல் இருந்தால் அதையும். பத்திரிகைக்கு எழுதமாட்டேன் என்று உன் கைப்பட ஒரு வரி.

இதைப் பேரம் என்று நினைத்து மனத்தைக் குழப்பிக்கொள்ளாதே. ஒன்பது மணி நேரம் ஒரு சிரையின் மேல் கண்ணை வைத்திருக்க வேண்டியவனுக்கு நிம்மதியான மனது வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

கட்டு வரவில்லையென்றால் படுக்கை வேறொருவருக்குப் போகும். வரிசையில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அம்மா உண்டு.

சரவணகுமார்

*

நெல்லிவாசல்
27 ஜனவரி 2024

இதைக் கொண்டுவருபவர் செந்தாமரை. உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மகளின் மருத்துவக் காகிதம் என்று நினைத்து நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறார். அவர் கணவரின் படிவம் மேலாக இருக்கிறது.

நகல் இல்லை. பத்திரிகைக்கு எழுதமாட்டேன்.

அவளைப் பிழைக்கவையுங்கள்.

தமிழரசி

*

சென்னை
14 பிப்ரவரி 2024

தமிழ்,

பதினைந்தாம் நாள். அருணா வார்டில் நடக்கிறாள், இட்லி சாப்பிடுகிறாள், என் பயிற்சி மருத்துவர்களுக்குக் கதை சொல்கிறாள். கசிவு ஒரு சொட்டு இல்லை. நாளை மறுநாள் வீட்டுக்கு.

நீ பார்த்திருக்க வேண்டும். சிரையில் நான்கு சென்டிமீட்டர் போய்விட்டது. பதினெட்டு நிமிடத்தில் சேர்த்தேன். கடைசித் தையல் போட்டு நிமிர்ந்தபோது மயக்க மருந்து டாக்டர் கை தட்டினார். இந்த ஊரில் இதை வேறு எவனாலும் செய்ய முடியாது, தமிழ். இதை நீ ஒப்புக்கொண்டால் போதும்.

அந்த அம்மா என் காலில் விழுந்தார். எழுப்பி உட்காரவைத்தேன். "எங்க வூட்டுக்காரரு இருந்தா கும்புட்டிருப்பாரு" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நினைவு வராத மாதிரி இருந்துவிட்டேன். அதுதான் அவருக்கும் நல்லது.

கட்டு கிடைத்தது. இப்போது இல்லை.

வேலைக்குத் திரும்பி வர விருப்பமிருந்தால் சொல். பேனா பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது.

சரவணகுமார்

*

நெல்லிவாசல்
6 மார்ச் 2024

சார்,

அருணா நலமாக இருக்கிறாள். நேற்று தன் காகிதக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். உங்கள் உதவியாளர் தேவராஜ் விடுவிப்புக் குறிப்பை மிக நேர்மையாக எழுதியிருக்கிறார். அறுவையில் எதை எங்கே எப்படித் தைத்தீர்கள் என்று வரிசையாக இருக்கிறது. ஒன்றையே மூன்று முறை படித்தேன்.

கணையத்தைக் குடலோடு சேர்த்தது பழைய முறை.

வளையத் தையல் இல்லை.

நாலு வருடமாக ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். இந்த மாதம்கூட முப்பது பேருக்குப் பயிற்சி முகாம் என்று பார்த்தேன். அருணாவுக்கு மட்டும் ஏன் போடவில்லை?

தமிழரசி

*

சென்னை
15 மார்ச் 2024

தமிழ்,

கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டாய். பதில் சொல்கிறேன். கட்டைக் கொடுத்துவிட்டாய், உன்னிடம் சொல்வதில் எனக்குப் பயமில்லை.

அருணாவின் கணையம் மிருதுவானது, வெண்ணெய் மாதிரி. கெட்டியான கணையத்தில் என் தையல் நன்றாகப் பிடிக்கும். மிருதுவானதில் கிழிக்கும். நான்காவது ஆள் இறந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. உன் ஐந்து பேருக்கும் மிருதுவான கணையம்தான்.

ஏன் சொல்லவில்லை என்பாய். பாதியில் ஆய்வை நிறுத்தியிருந்தால் எதுவும் அச்சாகியிருக்காது. முதல் கட்டுரை வந்தால்தான் இரண்டாவது. மிருதுவான கணையத்துக்கு இது ஆகாது என்பதுதான் என் அடுத்த ஆய்வு. அடுத்த வருடம் வெளிவரும். ஒரே கட்டுரையில் எல்லாவற்றையும் கொட்டுகிறவன் மேலே வரமாட்டான். அதுவரை என்னிடம் கற்றுக்கொள்கிறவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். நானும் தடுமாறித்தான் கற்றேன்.

அர்ச்சுனனுக்கு எந்தத் தையல் என்று குலுக்கிப் போட்ட சீட்டின் உறையைப் பிரித்தோம். சீட்டில் வளையம் என்று வந்தது, போட்டேன். அவர் ஆய்வில் இருந்தவர். அருணா நான் வாக்குக் கொடுத்த பெண். இரண்டும் வேறு வேறு.

இதில் உனக்குப் புரியாதது ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

சரவணகுமார்

*

நெல்லிவாசல்
22 ஏப்ரல் 2024

டாக்டர் சரவணகுமார் அவர்களுக்கு,

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மீறிவிட்டேன். முந்தாநாள் பதிவுத் தபாலில் பத்திரிகைக்கும், உங்கள் மருத்துவமனை நெறிக்குழுவுக்கும் அனுப்பினேன். பதினோரு பக்கம்.

படிவங்கள் இல்லாமல் என்ன செய்வாள் என்று நினைத்திருப்பீர்கள். மலையில் செத்தவர்களுக்கும் இறப்புச் சான்றிதழ் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் ஐந்து பேரும் தேதியோடு இருக்கிறார்கள். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன்.

அனுப்புவதற்கு முன் செந்தாமரையிடம் சொன்னேன். அருணாவும் இருந்தாள். புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டார்கள். தையல், அட்டவணை எல்லாவற்றையும் சொன்னேன். செந்தாமரைக்கு ஒன்றே ஒன்றுதான் மறுபடி மறுபடி வந்தது.

"செத்தவர செத்தாருன்னு எழுதலியா?"

"எழுதலம்மா."

"காணாமப் போய்ட்டாருன்னு எழுதிக்கினாங்களா?"

"அப்படித்தான்."

கையிலிருந்த புளியை முறத்தில் போட்டார். பிறகு, "அவரு கால்ல உழுந்தன்டி அருணா" என்று மகளிடம் சொன்னார். சத்தம் போட்டு அழவில்லை. புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விழுந்தபோது தரையில் பட்ட இடத்தைத் துடைக்கிறார் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

புகாரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாம் பெரிய ஆஸ்பத்திரியில நீ ஒருத்திதான் கண்ணு எங்களத் தேடிக்கினு வந்த" என்றார்.

இனி நாம் எழுதிக்கொள்ள எதுவும் இல்லை.

தமிழரசி

*

நெல்லிவாசல்
17 பிப்ரவரி 2025

டாக்டர் சரவணகுமார் அவர்களுக்கு,

எழுத எதுவும் இல்லை என்று முடித்திருந்தேன். பத்து மாதம் நீங்களும் எழுதவில்லை.

விசாரணை முடிவு எனக்கும் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 'பதிவேட்டுக் குறைபாடுகள்' என்று காரணம் போட்டிருக்கிறார்கள். குறைபாடு. நீங்கள் ராஜினாமா செய்தீர்கள், மாலை போட்டு அனுப்பினார்கள், இப்போது வேறு மாநிலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலைவர். பேப்பரில் படம் பார்த்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

நான் எழுதுவது அருணாவுக்காக.

டிசம்பரில் எடை குறைய ஆரம்பித்தது. பொங்கலுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் ஆறு இடத்தில் வந்துவிட்டது. மறைக்காமல் சொல்லச் சொன்னாள். சித்திரை வரை என்று சொன்னேன். பாப்பாவை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் தானே கொண்டுபோய் விட வேண்டும் என்று பை வாங்கி வைத்திருந்தாள். அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அவள் உங்கள் மேல் கோபமாக இல்லை. ஒரு வருடம் கூடக் கொடுத்தீர்கள், அதை ஒத்துக்கொள்கிறாள். நேற்று படுத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"எனக்குத் தெச்ச மாதிரியே எங்கப்பாவுக்கும் தெச்சிருந்தா, அவரு இருந்திருப்பாரா டாக்டரம்மா?"

எனக்குத் தெரியாது என்றேன். அந்த வயிற்றைத் திறந்து பார்த்தவர் நீங்கள். உங்களுக்குத்தான் தெரியும். "அவருகிட்ட கேட்டுச் சொல்றீங்களா? சண்டைக்கு இல்ல. தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

எனக்குப் பதில் எழுத விருப்பமில்லை என்றால் அவளுக்கே எழுதுங்கள். அவள் நன்றாகப் படிப்பாள். அம்மாவுக்கும் அவள்தான் படித்துச் சொல்வாள்.

அ. அருணா, அங்கன்வாடிப் பணியாளர், நெல்லிவாசல் அஞ்சல், திருப்பத்தூர் மாவட்டம்.

தமிழரசி

*

4 மார்ச் 2025

தமிழ்,

மாலை போட்டு அனுப்பினார்கள் என்பது உண்மை. பிறகு காருக்குப் போகும் வழியில் ஒருவரும் கூட வரவில்லை என்பதும் உண்மை. தேவராஜ்கூட ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். உனக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

இங்கே வாரத்துக்கு நான்கு அறுவை. யாருக்கும் வளையம் போடுவதில்லை. ஆய்வு எதுவும் இனி என் பெயரில் நடக்காது. பதினாறு வருடம் ராத்திரி பகலாக எதற்காக ஓடினேனோ அது முடிந்தது. கை மட்டும் இருக்கிறது. அது நன்றாகவே இருக்கிறது.

அந்தப் பெண்ணின் கேள்வியைப் படித்தேன். நேர்மையான கேள்வி. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தேன், யோசிக்க அதிகம் இல்லை. அர்ச்சுனனுடைய கட்டி சின்னது. சிரையைத் தொடவில்லை. நல்ல உடம்பு, மலையேறிய உடம்பு. பழைய முறையில் தைத்திருந்தால் இருந்திருப்பார். ஐந்து வருடம்கூட இருந்திருக்கலாம்.

அதைவிட ஒன்று. தையல் விட்ட பிறகும் அவருக்கு நேரம் இருந்தது. குழாயில் ரத்தம் வந்தது ஞாயிறு மத்தியானம். செத்தது செவ்வாய். அன்றே கிளம்பி வரச் சொல்லியிருந்தால் ரத்தக்குழாயை அடைத்திருப்பேன். அப்படி அந்த வருடம் மட்டும் மூன்று பேரைக் காப்பாற்றினேன். அவருக்கு இரண்டு நாள் இருந்தது, தமிழ்.

விசாரணையில் உன் பதினோரு பக்கத்தையும் என் முன் வைத்தார்கள். வரி விடாமல் படித்தேன். நன்றாக எழுதியிருந்தாய். என்னைப் பற்றி ஒரு பொய்கூட இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் வந்ததைத்தான் அதில் தேடினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். குழுவினர் என்னைப் பார்த்து, "சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சொல்ல வேண்டிய இடம் அது அல்ல என்று தோன்றியது.

நீயும் ஒருவரைத் தொடர்பில் இல்லாதவராக எழுதிவிட்டாய்.

அருணாவுக்கே எழுதச் சொல்லி முகவரி கொடுத்திருந்தாய். எழுதிவிட்டேன். இரண்டு பக்கம், அவளுக்குப் புரியும் தமிழில். அப்பா எதனால் பிழைக்கவில்லை என்று முதல் பக்கத்தில் என்னைப் பற்றி. இரண்டாவது பக்கத்தில் போனை எடுத்த பெண்ணின் பெயர்.

அந்தக் கடிதத்தை முந்தாநாள் தபாலில் போட்டேன். இது உன் கைக்கு வரும்போது அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டி முடித்திருப்பாள்.

சரவணகுமார்